மாலை 6.40, போண்டா இரண்டு

ஜனவரி 8, திங்கள்

காலை 8.10க்கு வந்தேன். முதல் வேலை வாசல் போர்டு. ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று பச்சையில் எழுதி, எண் மாட்ட மூன்று கொக்கிகள் வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து 614 ஆக்கினேன். ஞாயிறு ஆலை பூட்டியிருக்கும். அன்று விபத்து நடக்காததும் எங்கள் சாதனையில் சேரும்.

பதினெட்டாம் தேதி தணிக்கை. எங்கள் மோட்டார் தகடுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்புகிறது. முதலுதவிப் பெட்டியில் காலாவதியான டிஞ்சரை மாற்ற வேண்டும். கழிவறையில் சோப்பு வைக்க வேண்டும். முன்னதாக வைத்தால் தீர்ந்துவிடும். பதினேழாம் தேதி மாலை வைத்தால் போதும். தொழிலாளி எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். வருத்தப்பட்டால் ஆர்டர் போய்விடும். ஆகவே எங்கள் பதிவேடுகளில் யாரும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை.

நான் சட்ட இணக்க அலுவலர். மூன்று வருடம் முன்பு வரை டைம் ஆபீஸ் கிளார்க். அதே நாற்காலி, அதே மின்விசிறி. மேஜையில் பெயர்ப்பலகை மட்டும் புதிது: மா. மாசிலாமணி.

5.30க்கு வழக்கமான வேலை. 6.50க்கு போண்டா நோட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன். 41 பேர், 82 போண்டா. சரியாக இருந்தது.

இந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு ஏழரை வரை இருப்பவர்களுக்கு 6.40க்கு டீயும் இரண்டு போண்டாவும் தருவது இங்கே வழக்கம். யாரோ நான்கு சாப்பிடுகிறார்கள் என்று கேன்டீன் குப்புராஜ் புகார் சொன்னார். அதன்பின் நான் கோடு போட்டு ஒரு நோட்டு தயாரித்தேன். பெயர், நேரம், எண்ணிக்கை, கையெழுத்து. அடியில் என் கையெழுத்து. மற்ற முப்பத்திரண்டு பதிவேடுகளும் சட்டம் கேட்டு வைத்தவை. நான் சொந்தமாக யோசித்து உருவாக்கியது இது ஒன்றுதான்.

ஜனவரி 9, செவ்வாய்

போர்டு: 615.

இரவு 7.10க்கு, தகடு வெட்டும் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் சென்னியப்பனுக்குக் கையில் அடி. வலது கை. முதலாளியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஜனவரி 10, புதன்

விபத்துப் பதிவேட்டை எடுத்தேன். பெயர் எழுதும் கட்டம் வரை சிரமம் இல்லை. ‘விபத்து நடந்த நேரம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் சென்னியப்பனின் பஞ்ச் கார்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே 8.26. வெளியே 5.32. வெளியே போன ஆளுக்கு உள்ளே விபத்து நடக்க வழியில்லை. பேனாவை மூடினேன்.

முதலாளி ரத்தினசபாபதி என் அறைக்கே வந்தார். நாற்பத்தைந்து வயது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முகம் வீங்கியிருந்தது, இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்.

“மணியண்ணா, வைத்தியச் செலவு பூரா நம்ம பாத்துக்கலாம். அதுல ஒண்ணும் கொறை வெக்க வேண்டாம். பேப்பர்ல மட்டும் எதுவும் வேண்டாங்க. பதினெட்டாந் தேதி முடியட்டும்.”

பதிவேட்டில் எழுதிய பெயரை என்ன செய்வது என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் டீ கொட்டிவிட்டது என்றார். பார்த்தேன். இன்னும் கொட்டவில்லை. பதினோரு மணி டீ வந்ததும் கொட்டியது.

போர்டு: 616.

ஜனவரி 13, சனி. போகி

வீட்டுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் சென்னியப்பனைப் பார்த்தேன். என் பஸ் அந்த வழியாகப் போவதில்லை. இரண்டு பஸ் மாறினால் வழிதான்.

சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தகடு வெட்டும்; கை உள்ளே இருக்காது. அப்படித்தான் அதைச் செய்தவன் நினைத்திருக்கிறான். மணிக்குத் தொள்ளாயிரம் தகடு வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகிவிட வேண்டும். தணிக்கை நாளன்று அட்டைகளைப் பொறுக்கி எடுப்பதும் இணக்க அலுவலரின் வேலை.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு வருமா என்று கேட்டார். போன வருடம் அவருக்குச் சம்பளம் கூட்டி இருபத்தோராயிரத்தைத் தாண்டவைத்தோம், தாண்டினால் ஈ.எஸ்.ஐ. இல்லை, கம்பெனி கட்ட வேண்டிய பங்கும் இல்லை. அந்தச் சம்பள உயர்வுக்குக் குறிப்பு எழுதியது நான். அன்று அவர் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது என்றேன். தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப்போட வேண்டும். வேலை நேரத்தில், வேலையால் நடந்த காயம் என்று காட்டினால் இழப்பீடு உண்டு.

“அப்ப கார்டெல்லாம் செரியா இருக்குமுங்களா சார்?”

இருக்கும் என்றேன். எங்கள் கார்டுகள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 18, வியாழன்

தணிக்கை முடிந்தது. வந்தவர் பெங்களூரிலிருந்து ஒரு இளம்பெண். சோப்பை முகர்ந்து பார்த்தார். போர்டு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்: 624. வேலை நேரம் பிரிவில் நூற்றுக்கு நூறு. எல்லாருக்கும் லட்டு.

பிப்ரவரி 5, திங்கள்

சென்னியப்பனின் மனைவி சுகந்தி வந்தார். முதலாளி உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். ஆஸ்பத்திரிக் கட்டணம் முழுதும் கட்டியாகிவிட்டது. கை ஆறியதும் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார். ஒரு கவரும் ஒரு கடிதமும் மேஜைமேல் இருந்தன. விபத்து வீட்டில் நடந்தது என்று கடிதம் சொன்னது. தட்டச்சு என்னுடையது.

சுகந்தி அதை இரண்டு முறை படித்தார். அவர் ஒரு பள்ளியில் சத்துணவு உதவியாளர். நிதானமாகப் படிப்பவர்.

“ஊட்லயாங்க? எங்கூட்ல அம்பது டன் பிரஸ் எங்கீங்க இருக்குது? கேஸ் அடுப்பே ஒத்தைப் பர்னர்தான்.”

கவரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். காப்பியைக் குடித்திருந்தார். காப்பிக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்.

மார்ச் 14, புதன்

துணை ஆணையர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். மனுவின் கடைசியில் இடது கைப் பெருவிரல் ரேகை. சென்னியப்பன் பிளஸ் டூ படித்தவர். இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்து, கோட்டின் மேல் ஒரு புள்ளி வைப்பார்.

சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படித்தேன். எல்லா விரலுக்கும் விலை போட்டிருக்கிறது. சுட்டுவிரல் முழுதும் போனால் வருவாய் இழப்பு பதினான்கு சதவீதம். நடுவிரல் பன்னிரண்டு. கூட்டினால் இருபத்தாறு. ஆனால் ஒரே கையில் இரண்டு விரல்கள் சேர்ந்து போனால் இருபது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. சில்லறை விலை வேறு, மொத்த விலை வேறு. சட்டம் எழுதியவர்கள் சந்தைக்குப் போய்ப் பழகியவர்கள்.

ஏப்ரல் 10, செவ்வாய்

கம்பெனி வக்கீல் ஜெயசீலன் வந்தார். பதிலுரை தயார். ‘மனுதாரர் சம்பவ நாளன்று மாலை 5.32 மணிக்கு வளாகத்தை விட்டு வெளியேறிவிட்டார். அதன்பின் அவர் எங்கு, எந்த இயந்திரத்தில் காயமுற்றார் என்பது இந்த எதிர்மனுதாரருக்குத் தெரியாது.’ நல்ல நடை. பிழை இல்லை.

ஐந்தரைக்கு மேல் அந்த ஆள் உள்ளே இருந்ததாகக் காட்ட வேறு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலாளிதான் யோசித்து, “போண்டா நோட்டு ஒண்ணு இருக்குமேங்க” என்றார். வக்கீல் முதலில் சிரித்தார். பிறகு நேரம் எழுதும் கட்டம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சிரிப்பை நிறுத்தினார்.

சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடு அல்ல, பழைய நோட்டையெல்லாம் சனிக்கிழமை வரும் பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 21, சனி

பழைய பேப்பர்காரர் வந்தார். செய்தித்தாள் 11 கிலோ. போண்டா நோட்டைத் தேட நேரமில்லை.

ஏப்ரல் 28, சனி

பழைய பேப்பர்காரர் வந்தார். தராசு சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

மே 5, சனி

நோட்டைத் தேடிப் பார்க்க வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன்.

மே 7, திங்கள்

நோட்டு போய்விட்டதா என்று முதலாளி கேட்டார். அலுவலகத்தில் இல்லை என்றேன்.

ஜூன் 12, செவ்வாய்

விசாரணை. துணை ஆணையர் ஐம்பது வயதுப் பெண்மணி; ஒரு கையால் விசிறிக்கொண்டு மறு கையால் எழுதுகிறார். ஜெயசீலன் சென்னியப்பனைக் குறுக்கு விசாரணை செய்தார். நான் பின்வரிசையில், காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கார்டில் 5.32 என்று அடித்திருக்கிறதே என்று கேட்டார். எங்கள் கார்டு எங்களிடம் இருக்காது, ஆபீசில்தான் இருக்கும் என்றார் சென்னியப்பன்.

“அப்படியென்றால் அதை அடித்தது யார்?”

சென்னியப்பன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார்.

“தெரியாதுங்க.”

கேள்வி அத்துடன் முடிந்தது. ஜெயசீலன் திருப்தியாக உட்கார்ந்தார்.

சென்னியப்பனுக்குத் தெரியும். நாற்பத்தொரு பேருக்கும் தெரியும். தினமும் ஐந்தரைக்கு ஜன்னல் வழியாகக் கடகடவென்று சத்தம் கேட்கும். நாற்பத்தொரு முறை. அதை வைத்துத்தான் அவர்கள் மணி பார்ப்பார்கள்.

வெளியே மரத்தடியில் சுகந்தி டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம் சாதம் எடுத்தார். சென்னியப்பன் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். பசியில்லை என்றேன். பசித்தது.

ஜூலை 17, செவ்வாய்

கம்பெனிக்குச் சம்மன். சம்பவ நாளுக்குரிய ‘அனைத்துப் பதிவேடுகளையும்’ தாக்கல் செய்து, அவற்றைப் பராமரிப்பவர் சாட்சி சொல்ல வேண்டும். ‘அனைத்து’ என்றால் சட்டம் கேட்கும் அனைத்து என்று பொருள், அதற்கு மேல் ஒரு தாள் வேண்டாம் என்றார் ஜெயசீலன். சரியான விளக்கம். போண்டா நோட்டை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பதின்மூன்று பதிவேடுகள் தேறுகின்றன.

டிசம்பர் கடைசியில் எனக்கு ஓய்வு. முப்பத்தொரு வருட வேலை. ஒருநாள்கூட எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் விட்டதில்லை.

ஆகஸ்ட் 20, திங்கள்

நாளை சாட்சி. வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். தாக்கல் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். முதலாளி பிரதியைப் படிக்காமலே கையெழுத்திட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. முப்பத்தொரு வருடம் அதற்குத் தகுந்தபடிதான் நடந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

இரண்டு பஸ் மாறி 10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். நான்காவது வழக்காகக் கூப்பிட்டார்கள்.

துணை ஆணையர் பட்டியலை வரிசையாக டிக் செய்துகொண்டே வந்தார். சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, டீ கொட்டிய பக்கம் உட்பட. பதினான்காவது வரியில் பேனா நின்றது. ஜெயசீலன் தன் பிரதியை அப்போதுதான் புரட்டினார்.

“இது என்ன?” என்று துணை ஆணையர் என்னைக் கேட்டார்.

“போண்டா நோட்டுங்க, மேடம்.”

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். சென்னியப்பன், 6.40, இரண்டு. கையெழுத்து. அதன் கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி. பக்கத்தின் அடியில், சரிபார்க்கப்பட்டது, மாசிலாமணி, 6.50. இது யார் கையெழுத்து என்றார். என்னுடையது என்றேன்.

ஜெயசீலன் எழுந்து, இது சட்டப்படியான பதிவேடு அல்ல, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்றார். சாட்சியே சொல்லட்டும் என்று அவரை உட்காரச் சொன்னார் அம்மையார்.

“ஐந்து முப்பத்திரண்டுக்கு வெளியே போனவர், ஆறு நாற்பதுக்கு உங்க கேன்டீன்ல எப்படிப் போண்டா சாப்பிட்டார்?”

“அவரு வெளிய போகலீங்க, மேடம். கார்டை அடிச்சது நானுங்க. தெனமும் நாப்பத்தொண்ணையும் நான்தான் அடிப்பேன்.”

எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று வருடமாக, இணக்க அலுவலர் ஆனது முதல் என்றேன். இதையெல்லாம் அவர் கையாலேயே எழுதினார். விசிறியைக் கீழே வைத்துவிட்டார். அந்த நோட்டை மட்டும் இன்னொரு முறை கையில் எடுத்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மனுவை எடுத்து அதிலிருந்த ரேகையைப் பார்த்தார்.

கையொப்பமிட்டுவிட்டு வெளியே வந்தேன். சென்னியப்பன் மரத்தடியில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். சுகந்தி டிபன் பாக்ஸை நீட்டினார். புளிசாதம். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 22, புதன்

முதலாளி கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு நான் என்னங்ண்ணா கொறை வெச்சேன்?”

குறை ஒன்றும் வைக்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து பந்தியில் நின்றவர்.

அலமாரிச் சாவிகளை வாங்கிக்கொண்டார். மீதி நாலு மாதம் வாசலில் வருகையாளர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மின்விசிறி இல்லை. காற்று வருகிறது.

அக்டோபர் 18, வியாழன். ஆயுத பூஜை

எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. நான்காம் நம்பர் பிரஸ்ஸுக்கு இந்த வருடம் பெரிய மாலை. பயம்தான். திருஷ்டிப் பூசணிக்காயை வாசலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உடைத்தார்கள். குப்புராஜ் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இதுக்கெல்லாம் கையெழுத்துப் போடோணுமுங்களா?” என்று கேட்டார்.

நவம்பர் 20, செவ்வாய்

உத்தரவு வந்தது. விபத்து வேலையில் நடந்தது. இருபது சதவீதம், விபத்து நாளிலிருந்து வட்டி, தாமதத்துக்கு அபராதம். கம்பெனியின் வருகைப் பதிவேட்டை நம்புவதற்கில்லை என்றும், ‘எதிர்மனுதாரர் தரப்பு சான்றாவணம் 14, சிற்றுண்டிப் பதிவேடு’ நம்பத்தக்கது என்றும் எழுதியிருக்கிறது. போண்டா என்ற சொல் உத்தரவில் எங்கும் இல்லை. அரசாங்கம் கைவைத்ததும் அது சிற்றுண்டி ஆகிவிட்டது.

நவம்பர் 27, செவ்வாய்

வெளிநாட்டுக் கம்பெனிக்குச் செய்தி எட்டிவிட்டது. சீர்திருத்த நடவடிக்கை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நடவடிக்கைகள்: விரல் ரேகை இயந்திரம் ஒன்று வாங்கியாயிற்று. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் விரல் வைக்க முடியாது என்று விற்க வந்தவர் வாசலில் என்னிடமே விளக்கினார். இப்போது நாற்பது பேரும் ஐந்தரைக்கு வரிசையில் நின்று விரலை வைத்துவிட்டு, திரும்ப உள்ளே போகிறார்கள். போர்டு பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது. போண்டா நிறுத்தப்பட்டது.

டிசம்பர் 11, செவ்வாய்

ஏழரை வரை இருப்பவர்கள் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவருகிறார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

கொடுத்தவர் பெயரை எழுதவில்லை.

டிசம்பர் 31, திங்கள்

கடைசி நாள். சால்வை இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. மத்தியானம் முதலாளியின் கார் உள்ளே வந்தபோது கண்ணாடியை இறக்கி, “ஒடம்பப் பாத்துக்கங்ண்ணா” என்றார். சொன்னது மனதாரத்தான். அதுதான் அவரிடம் சிரமம்.

நாலரைக்குச் சென்னியப்பன் வந்தார், பணிச் சான்றிதழ் வாங்க. இப்போது சூலூர் பக்கம் ஒரு மில்லில் கேட்டில் இருக்கிறாராம்.

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகமுங்க சார். எனக்குக் குடை குடுத்திருக்கறாங்க. உங்களுக்கு?”

இல்லை என்றேன். “அப்ப நாந்தானுங்க சீனியர்” என்றார்.

உள்ளே காக்கவைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். திரும்பி வந்தவரிடம் வருகையாளர் பதிவேட்டை நீட்டினேன். பேனாவை இடது கையில் பிடித்து, நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டார். பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோட்டைவிட்டு மேலே ஏறியது. அடியில் இரண்டு கோடு இழுத்தார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. யோசித்து, புள்ளியை வைத்தார்.

உள்ளே புது இயந்திரத்தின் முன் நாற்பது பேர் விரல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ‘வெளியே சென்ற நேரம்’ என்ற கட்டம் பாக்கி இருந்தது. பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை. தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரே எழுதினார்: 5.47.